லாயத்துச் சட்டம்

"திமிருங்க இதுக்கு! தின்னு கொழுத்த திமிரு!"

பேங்க் மேனேஜர் குதிரை மேல் உட்கார்ந்தபடியே கத்தினார். அந்தப் பெட்டைக் குதிரையோ லாயத்து வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, நகருவேனா என்று நின்றது.

சவாரி சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வாரியைக் கையால் காட்டினார். குதிரையேற்றம் கற்றுக்கொள்ள வந்த மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"மாட்டிக்கிட்டீங்களா சார்!"

அந்த லாயத்தில் ஒரே ஒரு சட்டம்தான். 'திமிர்' என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால், வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அன்றைக்குக் குதிரைகள் போட்ட லத்தியை அள்ளியே ஆக வேண்டும்.

கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் மாஸ்டரின் மனைவி. லாயத்துப் பக்கமே வராதவள், இன்றைக்கு வேறு வழியில்லாமல் வந்திருந்தாள்.

"இறங்குங்க சார்," என்றார் மாஸ்டர். "அதுக்கு எங்கயோ வலிக்குது. இல்ல, எதுக்கோ பயந்திருக்கு. வாய் விட்டுச் சொல்ல முடியுமா பாவம்? இப்படி நின்னுதான் காட்டும். சத்தம் போட்டா இன்னும் மிரளும்."

பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"என்னடா தங்கம்? எங்க வலிக்குது? வர வேணாம்னா வர வேணாம். நான் இங்கயேதான் நிப்பேன், என்ன?"

சேணத்தின் வாரை அவிழ்த்துப் பார்த்தார். அடியில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது.

பேங்க் மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. இறங்கிப் போய் மண்வாரியை எடுத்தார்.

மாஸ்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலே வீட்டை ரெண்டாக்குகிற மனுஷனா இவர்? வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேட்க வந்ததை இப்போதே கேட்டுவிடலாம்.

"என்னங்க, ஒரு நிமிஷம்..."

"நீ எங்க இங்க?"

"பொண்ணு இன்னைக்கும் ரூமை விட்டு வெளிய வரலைங்க. நாளைக்கும் போகலைன்னா காலேஜ்ல பேரை எடுத்துடுவாங்களாம். என்னன்னு கேட்டா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. என்னவோ நடந்திருக்கு, எனக்கு பயமா இருக்கு. நீங்க வந்து கொஞ்சம் பக்குவமா..."

"என்னடி நடந்திருக்கும்? திமிர்! உடம்பு முழுக்கத் திமிர்! எல்லாம் நீ குடுக்கற செல்லம். வந்து நாலு சாத்து சாத்தினா தானா எழுந்து ஓடுவா!"

பெட்டைக் குதிரை மிரண்டுபோய் ரெண்டடி பின்னால் நகர்ந்தது.

பேங்க் மேனேஜர் லத்திக் கூடையைக் கீழே வைத்தார். மெல்ல நடந்து வந்து, மண்வாரியை மாஸ்டரிடம் நீட்டினார்.

மாஸ்டர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று முழித்தார். புரிந்ததும் அசடு வழியச் சிரித்தார்.

"அட, நீங்க வேற சார்! அந்தச் சட்டம் குதிரைக்கு மட்டும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாயத்தின் கடைசியில் காலியாகக் கிடந்த கொட்டடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்ப அவளைக் கூட்டிட்டு வந்து அங்க கட்டிப் போட்டுடறேங்க. இங்கயாவது எங்க வலிக்குதுன்னு கேப்பீங்கல்ல?"