நிக்காத டிரைவர்

"போச்சு! மறுபடியும் கேட்டுக்கு ஓடிடுச்சு!"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தடைகளையெல்லாம் பறந்து பறந்து தாண்டி, துணிக்குழாய்க்குள் நுழைந்து வெளியே வந்த மிளகு, கடைசித் தடையை மட்டும் அம்போவென்று விட்டுவிட்டு மைதானத்து கேட்டில் போய் நின்றது. நாய்களுக்கான தடை ஓட்டப் பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து இதே கூத்துதான்.

"நன்றி கெட்ட ஜென்மம்! சோறு போடுறது நான். தேடுறது அவளை."

"யாரை சார்?" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

"இதை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தவளை. என் மகதான். எனக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா. இதே ஊர்லதான் இருக்கா. நான் எப்பவோ தலைமுழுகிட்டேன். இந்த நாய்க்குத்தான் இன்னும் ரோஷம் வரலை."

பஸ் ஓட்டிய காலத்தில் அவருக்கு 'நிக்காத டிரைவர்' என்று பேர். நேரமானால் வண்டியை எடுத்துவிடுவார். யார் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாலும் சரி. பரீட்சைக்குக் கிளம்பிய சொந்த மகளையே ஒருநாள் ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போனவர். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

மகள் போன பிறகு மிளகு வீட்டை இரண்டாக்கியது. செருப்பு, தலையணை, மிதியடி எதுவும் மிஞ்சவில்லை. "இத்தனூண்டு உடம்புல எவ்வளவு தெம்பு பாருங்க. நல்லா ஓட விடுங்க, அடங்கிடும்" என்றார் கால்நடை மருத்துவர். அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

மகளோடு போனில் பேசுவது அவர் மனைவி மட்டும்தான். "ஞாயித்துக்கிழமை காலைல அப்பா மிளகை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு" என்று அவர் காதில் விழும்படியே ஒரு தடவை சொன்னாள். அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் போட்டி. இது தேறாதும்மா. பேரை அடிச்சிடு."

"அவசரப்படாதீங்க சார். இதைப் பாருங்க." அவர்கள் ஓடியதை அந்தப் பெண் செல்போனில் படம் பிடித்திருந்தாள்.

"பாத்தியா? கேட்டுக்கே போகுது கழுதை."

"நாயைப் பாக்காதீங்க. உங்களைப் பாருங்க."

பார்த்தார். மிளகு குழாயிலிருந்து வெளியே வருகிறது. அவர் கை கடைசித் தடையைக் காட்டுகிறது. வெளியே ஏதோ ஸ்கூட்டர் சத்தம். கை காட்டியபடியே இருக்க, அவர் முகம் கேட்டுப் பக்கம் திரும்புகிறது. அப்புறம் தோள். அப்புறம் கால்.

"நாய் நம்ம கையைக்கூட அவ்வளவா நம்பாது சார். தோளும் காலும் எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கம்தான் ஓடும். ஸ்டியரிங்கை ஒடிச்சிட்டு வண்டியைத் திட்டலாமா?"

"அது... இன்னைக்கு ஏதோ தற்செயலா..."

அவள் போன வாரத்துப் படத்தைக் காட்டினாள். அதற்கு முந்தைய வாரத்தையும் காட்டினாள்.

டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மிளகு ஓடி வந்து அவர் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து முகத்தையே பார்த்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த கேட்டையே பார்த்திருக்கிறார்! மகள் ஒரே ஒரு தடவை வந்து நிற்க மாட்டாளா என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறார்!

போனை எடுத்தார். மகளின் நம்பரை அழித்து நாளாகியிருந்தது. விரலுக்கு மறக்கவில்லை.

"அப்பா..?"

"உன் நாய் ஒழுங்கா ஓட மாட்டேங்குது" என்றார் விறைப்பாக. "வர்ற ஞாயித்துக்கிழமை போட்டி. நீ வந்து கடைசித் தடைகிட்ட நின்னாத்தான் சரிப்படும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அவரும் வரலாமாப்பா?"

"மாப்பிள்ளை இல்லாம நீ மட்டும் எப்படி வருவே?"

"அவருக்கு நைட் ஷிப்ட்டுப்பா. முடிஞ்சு வந்து கிளம்பணும். லேட்டாயிடுமே..."

"ஆகட்டும். ஓடி வர வேணாம், மெதுவாவே வாங்க. எவ்வளவு நேரமானாலும் நான் நிக்கிறேன்" என்றார் நிக்காத டிரைவர்.