எண்ணெய்த் துணி மூட்டை

பதுளையில் அலுமாரிக் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் ஹாஜியாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேற்று அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தபோது கடையின் பின்னறை எரிந்துவிட்டது. தொழுகைக்கு வராமல் அங்கே நின்றவன், அலுமாரிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும் ஸரூக் மட்டும்தான்.

அவனைப் பொலிஸில் விலங்கோடு நிறுத்தியாயிற்று. இன்று காலை ஹாஜியார், எண்ணெய் துடைத்த துணிகளை, வழக்கம்போல் தன் கையாலேயே இறுக்கிக் கட்டி எடுத்துவந்து, இன்ஸ்பெக்டரின் மேசையில் போட்டார்.

"இதே மாதிரி மூட்டைக்குத்தான் இவன் நெருப்பு வெச்சான், சேர்!"

"அல்லாஹ் மேல சத்தியமா நான் வெக்கல்ல, ஹாஜியார்!"

"வாயப் பொத்துடா, நன்றி கெட்டவனே!"

மேசையிலிருந்து புகை கிளம்பியது. யாருமே தொடாத மூட்டையின் நடுவே துணி தணலாய் ஒளிர்ந்தது.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "இப்ப யாரு வெச்சது, ஹாஜியார்?"

"பாத்தீங்களா சேர், விலங்கு போட்டும் வெக்கிறான்!"