எவன் உட்கார்ந்தாலும்

போருக்குப் பணம் தர முடியாது என்ற நிதி மந்திரியைக் காலையில் சுட்டபோது தெறித்த ரத்தம், கேப்டன் ஷிகெமாட்சுவின் சட்டையில் இன்னும் காயவில்லை.

“நாலு கட்சி சேர்ந்த மந்திரிசபை சார். வேற ஆளைப் போடுவாங்களே?” என்றான் லெப்டினன்ட் ஓனுகி.

“அவனையும் வெட்டு. அந்த நாற்காலியில எவன் உட்கார்ந்தாலும் வெட்டு. என்கிட்ட வந்து கேட்டுட்டு நிக்காதே.”

டோக்கியோவில் அன்று முழுக்கப் பனி கொட்டியது. சாயங்காலம் ஓனுகி வாளைத் துடைத்துக்கொண்டே முகாமுக்குத் திரும்பினான்.

“முடிச்சாச்சு சார். நாலு கட்சியும் ஒத்துக்கிட்ட ஒரே கிழவனாம், பேரு முரோகா. மத்தியானம் புது மந்திரிப் பட்டியல் வந்துச்சு, மூணு மணிக்கு ஆளு காலி.”

கேப்டன் தலையை நிமிர்த்தினார்.

“வேடிக்கையைக் கேளுங்க சார். கேப்டன் ஷிகெமாட்சு அனுப்பினார்னு சொன்னேன். கிழவன் முகமெல்லாம் சிரிப்பு. தானே கதவைத் திறந்து, ‘உள்ள வாங்க, டீ குடிக்கலாம்’னான். கூடத்திலேயே கழுத்தைச் சீவிட்டேன்.”

கேப்டன் அவன் கையிலிருந்த வாளைப் பிடுங்கிக் கீழே எறிந்தார்.

“தெரிஞ்ச ஆளா சார்?”

“ஷிகெமாட்சுங்கிறது என் மாமனார் வீட்டுப் பேருடா. ஆண் வாரிசு இல்லாத வீடு, பேர் அத்துப்போகக் கூடாதுன்னு எங்கப்பா என்னை வீட்டோட மாப்பிள்ளையாத் தத்துக் குடுத்தார்” என்றார் கேப்டன். “அதுக்கு முன்னாடி நானும் முரோகாதான்.”