பாம்புக்கு வார்த்த பால்

ஒட்டுண்ணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? விடுமுறை நாளிலும் ஆய்வகத்துக்கு வந்து, குழாயிலிருந்த அந்த ஒற்றைச் செல் உயிர்களுக்குப் புது ஊட்டக் கரைசல் மாற்றிக்கொண்டிருந்தார் பேராசிரியை. பட்டினி போட்டால் அவை செத்துவிடும்.

ஒரு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கியபடி, வாசல் நாற்காலியில் சாய்ந்திருந்த கணவர் முணுமுணுத்தார். "பாம்புக்குப் பால் வார்க்கிறா! கட்டின புருஷன் சாப்பிட்டானான்னு கேட்க ஆளில்ல."

புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளருக்குச் சுருக்கென்றது. உலகமே மெச்சும் பெண்மணிக்கு இப்படியொரு கணவரா!

"சார், மேடம் இதுங்களை வளர்க்கிறதே கொல்றதுக்குத்தான். எந்த மருந்துக்கும் மசியாத ரகம். புது மருந்தைச் சோதிக்கணும்னா இதுங்க உயிரோட இருக்கணும்ல?"

"அப்படியாம்மா?" என்றார் அவர், ஒன்றும் தெரியாதவர் போல.

அதற்குள் நுண்ணோக்கியில் குனிந்திருந்த பேராசிரியை நிமிராமலே கூப்பிட்டார். "என்னங்க, இங்க வாங்களேன். மருந்து போட்ட குழாய்ல ஒண்ணுகூட அசையல."

அவர் மெல்ல எழுந்து போய்ப் பார்த்தார். "படுபாவிப் பசங்க! கடைசியில உனக்கு அடங்கிட்டாங்களே!"

உதவியாளர் ஓடி வந்தாள். "மேடம், இந்தப் பொல்லாத ரகம் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

பேராசிரியை கணவரின் நெஞ்சில் கை வைத்தார். "இவர் ரத்தத்துலேருந்து."



கணவர் சிரித்தார். "வாடகை தராம இன்னும் உள்ளதான் குடியிருக்காங்கம்மா. வீட்டுக்காரி இப்பதான் நோட்டீஸ் எழுதி முடிச்சிருக்கா."