நாலு மணிக்குப் படிக்கிறவர்

மாலை வெயில் ஜன்னல் திரையின் இடுக்கு வழியே வந்து விசைப்பலகையில் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. ஐந்து ஊர்களில் சர்வர்கள். ஐந்திலும் மருத்துவமனைகளின் ஒரே நோயாளி அட்டவணை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்ற விவரத்தை அவள் அந்த அட்டவணையில் புதிதாகச் சேர்த்த பத்திக்கு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. பழைய பத்தியை அழிப்பதுதான் பாக்கி. ஒரு நாள் முழுக்க யாரும் அதைப் படிக்காமல் இருந்தால்தான் அழிக்கலாம் என்பது அவளே போட்ட விதி. ஆனால் தினமும் நாலு மணிக்கு யாரோ ஒருவர் படித்துவிடுகிறார். அவர் யாரென்று தெரியாமல் அழித்தால் அவர் திரையில் அந்த இடம் வெறுமையாகிவிடும். ஆகாத ஊசியைப் போட்டுவிடுவார்கள். பதினேழு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. “நாங்க இல்லைம்மா,” என்று கடைசி மருத்துவமனையும் கைவிரிக்கிறது. போனைக் கவிழ்த்து வைக்கிறாள். மணி நாலு. வழக்கம்போல், புதியதும் பழையதும் ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் திறந்து பார்க்கிறாள். பக்கத்து மேசைத் தோழியின் திரையில், பழைய பத்தியைப் படித்தவர்களின் எண்ணிக்கை ஒன்று ஏறுகிறது.

“இப்ப பழசைத் திறந்தது யாருடி?”

“நான்தான். சரிபார்க்க...”

“நேத்து நாலு மணிக்கு?”

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையாகிவிட்டது. சிரிப்பு வரவில்லை, கண்தான் எரிகிறது.

“அப்ப அழிச்சிடலாமா?” என்கிறாள் தோழி.

“வேண்டாம். விதி விதிதான்.” நாற்காலியில் சாய்கிறாள். “நாளைக்கு நாலு மணிக்கு என் கையைப் பிடிச்சுக்கோ.”