நானூற்று எண்பதாவது நாள்

"ஆனை நிக்குது" என்று கிசுகிசுத்து, எஸ்லின் வளைவிலேயே காரை நிறுத்தினாள்.

ஜாக்சன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சாலையோரம் மூங்கில் புதர், அதன் பின்னால் பெரிய பாறை, அதற்கும் பின்னால் மேகம் இறங்கிய மலை. ஆனையைத்தான் காணோம். காது ஆடுவது தெரியவில்லையா என்று அவள் கேட்டதும், தெரிகிற மாதிரி தலையாட்டி வைத்தான்.

மணி பன்னிரண்டு. இந்த அஞ்செட்டிக் காட்டைத் தாண்டி ஓசூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனி கேட்டை மூடிவிட்டால், யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள்.

அதுவும் இன்றைக்கு. இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவன் பர்மனென்ட். அவனுக்கு நானூற்று எழுபத்தொன்பது ஆகியிருந்தது. இரண்டு வருஷம் இன்றோடு முடிகிறது. அம்மா சாந்தம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடியவன் அவன்.

பர்மனென்ட் ஆர்டரைக் காட்டினால் அடுத்த ஞாயிறே மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்கிறேன் என்று, எஸ்லினின் அப்பா சிங்கராயர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் ஜாக்சனுக்குத் தாய்மாமன். ஆர்டர் கிடைக்காவிட்டால் பெண் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இத்தனை நாளும் எஸ்லின் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. நேற்று சாயங்காலம் அவளே போன் செய்தாள். காட்டு ரோட்டில் கார் ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது, துணைக்கு வர முடியுமா, ஒன்றரைக்குள் கம்பெனி வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றாள். கேட்டை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்றும் கேட்டுக்கொண்டாள். அந்த அக்கறையை நினைத்து நினைத்தே, பாவம், அவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எதிர் வளைவிலிருந்து ஒரு தக்காளி டெம்போ சாவகாசமாக வந்து, அவர்களைக் கடந்து போனது.

"டெம்போவே வந்துருச்சே. நாமளும் போலாமா?"

"அது பெருசு, ஆனை ஒதுங்கிக்கும். நம்ம கார மிதிச்சிரும் மாமா. நீ உசுரோட இருந்தாத்தான எனக்கு..." என்று பாதியில் நிறுத்தினாள்.

அவள் அவனை மாமா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அதன்பிறகு போகலாமா என்று அவன் கேட்கவே இல்லை. காரை வாங்கி ஓட்டவும் அவனுக்குத் தெரியாது, யாரையாவது கூப்பிடலாமென்றால் காட்டுக்குள் சிக்னலும் கிடையாது. எஸ்லின் மூங்கிலைப் பார்த்ததைவிடக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். தன்னைவிட அவள் தவிக்கிறாளே என்று அவனுக்கு நெஞ்சு குழைந்தது.

ஒன்றேகாலுக்கு, போய்விட்டது என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள். காட்டைத் தாண்டி, பாதி வழியில் தேன்கனிக்கோட்டை வந்தபோதே மணி இரண்டைத் தாண்டியிருந்தது. சிக்னல் கிடைத்ததும் சூப்பர்வைசர் சிவராஜின் போன் வந்தது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? கேட்ட மூடியாச்சு. உன் பேர அடிச்சிட்டாங்க. நாளைலேர்ந்து வராத."

போன் மடியில் விழுந்தது. இரண்டு வருஷம் ஒரு மத்தியானத்தில் போய்விட்டது. அப்போதும் திரும்பி அவள் முகத்தைத்தான் பார்த்தான். இதை எப்படித் தாங்குவாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"நீ மனசு கஷ்டப்படாத எஸ்லின். நீ என்ன, வேணும்னேவா பண்ண?"

அவள் கியரை மாற்றினாள். முன்னால் போன பஸ்ஸை ஒரே மூச்சில் முந்தினாள்.

"வேணும்னேதான் பண்ணேன், அண்ணா."