ஒரு சாண் ரப்பர்

"இன்னொருக்கா கத்து பாப்பம், மாயாண்டி!"

தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி விஜயரட்ணம் வெளியே நின்று சைகை காட்டினார். பூட்டிய காருக்குள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்த மாயாண்டி, தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டான்.

கிராணி கதவோடு காதை ஒட்டி வைத்துக் கேட்டார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். "இன்னும் கேக்குது. பின் கதவுப் பக்கம்."

மாயாண்டி இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். மலாயாவில் மெர்லிமாவ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் என்ஜினுக்கும் லாரிக்கும் அவன்தான் வைத்தியன். கிராணியின் பழைய காரில் கதவு ரப்பரெல்லாம் வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கிப் போயிருந்தது. மலாக்காவிலிருந்து புதுப் பட்டை வாங்கி வந்து கொடுத்திருந்தார். இங்கே மரம் சீவி எடுத்த பால்தான், சீமைக்குப் போய்ப் பட்டையாகித் திரும்பி வந்திருந்தது. பழசைச் சுரண்டிப் பசை தடவி, கதவிடுக்கிலும் கண்ணாடி இடுக்கிலும் காலையிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தான்.

அதெல்லாம் சரி. ரப்பர் மாற்றினால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் ஊர் உலக வழக்கம். இந்த மனிதரோ ஆளை உள்ளே போட்டுப் பூட்டிக் கத்தச் சொல்கிறார்.

"மழைக்குத்தானேங்க, ஐயா? ரெண்டு வாளித் தண்ணி ஊத்திப் பார்த்தா போதுமே?"

கிராணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தம் வெளியில வரக்கூடாது. அவ்வளவுதான். நாலு மணிக்கு நாங்கள் வெளிக்கிட வேணும்."

மாயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

நாலு மணிக்குப் போகப்போவது கிராணியும் அவர் மனைவி செசிலியாவும் மட்டுமல்ல. மாயாண்டியின் தங்கை மாரியம்மாவின் மகள், இரண்டு வயது ஜெயமணியும்தான். பிள்ளையில்லாத அந்தத் தம்பதி ஈப்போவுக்கு மாற்றலாகிப் போகிறார்கள். ஜெயமணியைத் தங்கள் பிள்ளையாகவே கொண்டுபோகிறார்கள்.

மாயாண்டி எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். "நான் குடிக்கிற கஞ்சியில அதுக்கு ஒரு வாய் இல்லாமலா போயிடும்?" என்றான். ரப்பர் விலை விழுந்து, வேலையற்ற ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கஞ்சிக்கே உத்தரவாதம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"புருசனைக் காய்ச்சலுக்குக் குடுத்தேன். ரெண்டு புள்ளைங்களையும் அதே காய்ச்சலுக்குத்தான் குடுத்தேன். இது ஒண்ணாச்சும் எங்கயாவது உசுரோட இருக்கட்டும், அண்ணே" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள் மாரியம்மா.

மாயாண்டிக்கு மனசு ஆறவில்லை. இருக்கிற ஒன்றும் போய்விட்டால் தங்கை என்ன ஆவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளை அழுவது கேட்டால் பெற்றவள் மனம் மாறி ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். அதற்குத்தான் இத்தனை ரப்பரும், இத்தனை கத்தலும். படித்த மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது! மாயாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின் கதவுப் பட்டையை இன்னும் அழுத்தி ஒட்டினான். மறுபடி உள்ளே போய்க் கத்தினான்.

"ஓம், இப்ப கேக்கேல்லை" என்றார் கிராணி. அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. அதைக் கவனிக்கிற நிலையில் மாயாண்டி இல்லை.

அவர் வீட்டுக்குள் போனதும் மாயாண்டி பின் கதவைத் திறந்தான். ஒட்டிய பட்டையில் ஒரு சாண் நீளத்தை அறுத்து உரித்து இடுப்பில் செருகிக்கொண்டான். அது கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பக்கம், மாரியம்மா நிற்கப்போகிற பக்கம். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். ஒரே ஓர் அழுகை அவள் காதில் விழட்டும், அப்புறம் எந்தக் கிராணி தடுப்பார் பார்க்கலாம்!

நாலு மணிக்கு வானம் கறுத்திருந்தது. மாரியம்மா மகளின் நெற்றியில் திருநீறு பூசி, செசிலியாவின் கையில் கொடுத்தாள். ஏசுவைக் கும்பிடும் வேதக்காரியான செசிலியா அதைத் துடைக்காமல் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். ஜெயமணிக்குக் கார் ஏறுகிற குஷி. கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். கார் நகர்ந்தது.

அம்மா கூட வரவில்லை என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்டது.

"அம்மா! அம்மா!"

என்ஜின் இரைச்சலையும் மீறி அந்த ஒரு சாண் இடுக்கு வழியே குரல் வெளியே வந்தது. மாயாண்டி தங்கையைப் பார்த்தான். ஓடு, புள்ளே, ஓடு!

மாரியம்மா ஓடினாள். கொஞ்ச தூரம் ஓடி, ஒரு ரப்பர் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முந்தானையைப் பல்லால் கடித்திருந்தாள். கார் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாயாண்டி ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, மாரி. குறுக்கு வழியில ஓடி மறிச்சிடலாம். வா!"

அவள் மரத்தை விடவில்லை. அவன் இடுப்பில் நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் துண்டையே பார்த்தாள்.

"அந்தச் சத்தம் என் காதுல விழுந்தா நான் பொழைக்கமாட்டேன்னுதானே அண்ணே, காரை அடைச்சுக் குடுங்கன்னு ஐயா கால்ல விழுந்தேன்" என்றாள்.